அந்த ஒரு கோடி யார் வீட்டுக் காசு?

7,75,97,520.

பார்த்தால் ஏதோ பாலம் கட்டும் டெண்டர் தொகை மாதிரி இருக்கும். இல்லை. ஒரு கிரிக்கெட் மேட்ச்சில் இறங்கும் 22 பேரிலிருந்து 11 பேரைப் பொறுக்கி எடுக்க 7,05,432 வழிகள் இருக்கின்றன. அந்தப் பதினோரு பேரில் ஒருவரை கேப்டனாகவும் இன்னொருவரை வைஸ் கேப்டனாகவும் வைக்க 110 வழிகள். இரண்டையும் பெருக்கினால் மேற்படி ஏழே முக்கால் கோடி. பள்ளிக்கூடத்தில் 'வரிசை மாற்றங்களும் சேர்வுகளும்' என்று ஒரு பாடம் நடத்தினார்களே, 'இது எதுக்கு உதவப் போகுது' என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தோமே, அது உதவுகிற இடம் இதுதான்.

சில வருஷங்களாக, 2025 ஆகஸ்ட் வரை, ஐ.பி.எல். சீசனில் சாயங்காலம் ஏழு மணிக்கு சிங்காநல்லூரில் எந்த டீக்கடைப் பக்கம் போயிருந்தாலும் இந்த ஏழே முக்கால் கோடியில் ஒன்றைத் தேடிக் கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டறை விட்டு வந்தவர்கள், பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்பியவர்கள், காலேஜ் முடித்து வேலை தேடுபவர்கள். ஏழு மணிக்கு டாஸ். ஏழரைக்கு ஆட்டம். யார் யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்த பின் கிடைக்கும் அந்த அரை மணிக்குள் டீமை மாற்றி, 49 ரூபாய் கட்டி முடித்தாக வேண்டும். 'கேப்டன் யாரைங்ணா போடறது?' என்பதுதான் அந்த நேரத்தின் தலையாய கேள்வி.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் போட்டிகள் எல்லாவற்றுக்கும் தடை. ட்ரீம் லெவன் உட்பட பெரிய கம்பெனிகள் சில நாட்களிலேயே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

கடையைத்தான் சாத்தியாகி விட்டதே, இப்போது எதற்குக் கணக்கு? ஏனென்றால் இந்தக் கடை சாத்துவது முதல் தடவை இல்லை. லாட்டரியைச் சாத்தினோம், எஸ்.எம்.எஸ். போட்டி வந்தது. அது ஓய்ந்தது, ஆப் வந்தது. அடுத்தது என்ன வேஷத்தில் வரும் என்று தெரியாது. ஆனால் அதன் போஸ்டரில் நிச்சயமாக ஒரு பெரிய எண் இருக்கும். அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

* * *

ஆடாதவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு டீமிலிருந்தும் கலந்து பதினோரு பேரை எடுக்கிறீர்கள். அவர்கள் நிஜ மேட்ச்சில் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் கேட்ச்சுக்கும் உங்களுக்குப் புள்ளிகள். கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர் முதல். பெரிய போட்டிகளில் முதல் பரிசு ஒரு கோடி, சில நாள் அதற்கும் மேலே.

நியாயமாகச் சொன்னால், ஏழே முக்கால் கோடி என்ற எண் கொஞ்சம் பயமுறுத்தல். ஒரு டீமிலிருந்து இத்தனை பேர்தான், மொத்த விலை 100 புள்ளிக்குள்தான் என்று கட்டுப்பாடுகள் உண்டு. கொஞ்சம் கழியும். விவரம் தெரிந்தவர் பதினோராம் ஆட்டக்காரரை கேப்டனாகப் போட மாட்டார். அதனால் இன்னும் கழியும். தவிர, நீங்கள் உலகத்திலேயே சிறந்த டீமைப் போட வேண்டியதில்லை. அன்றைக்குப் பணம் கட்டிய மற்ற எல்லாரையும் முந்தினால் போதும்.

'போதும்' என்ற வார்த்தையில்தான் சிக்கல் இருக்கிறது. கிரிக்கெட் தெரிந்த உங்களுக்குத் தோன்றும் அதே யோசனை, கிரிக்கெட் தெரிந்த மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் தோன்றும். ஃபார்மில் இருக்கும் ஓப்பனரை நீங்களும் கேப்டனாகப் போடுவீர்கள், அவர்களும் போடுவார்கள். அவர் செஞ்சுரி அடித்தால் எல்லாருக்கும் சேர்ந்தே புள்ளி ஏறும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். இரண்டு பேர் ஒரே டீமைப் போட்டு முதலாவதாக வந்தால் பரிசையும் பங்கு பிரித்துக் கொள்ள வேண்டும். ஆகவே தனியாக ஒரு கோடி அடிக்க வேண்டுமென்றால், யாரும் நினைக்காத ஒருவரை கேப்டனாகப் போட்டு, அவர் அன்றைக்கென்று பார்த்து வெளுத்துக் கட்ட வேண்டும்.

அதாவது, அறிவு உங்களைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். கூட்டத்தை விட்டு மேலே தூக்குவது அதிர்ஷ்டம். பரிசை ஒரே ஆளிடம் குவிக்கக் குவிக்க, விளையாட்டு அறிவிலிருந்து விலகி அதிர்ஷ்டத்தின் பக்கம் நகர்கிறது. பரிசுப் பட்டியலை வடிவமைப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

* * *

இப்போது காசைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, ஒரு போட்டியில் பத்து லட்சம் எண்ட்ரி என்று வைத்துக் கொள்ளலாம். ஆளுக்கு 49 ரூபாய். மொத்தம் 4 கோடியே 90 லட்சம். நடத்துகிறவர் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக் கொள்வதாக வைத்துக் கொண்டால் 73.5 லட்சம் அவருக்கு. மீதி சுமார் 4 கோடியே 16 லட்சம் பரிசுகளாகத் திரும்பும். சராசரியாக 49 கட்டியவருக்கு 41 ரூபாய் 65 பைசா திரும்புகிறது. ஏழு ரூபாய்ச் சில்லறை நஷ்டம். ஒரு டீ குடித்த மாதிரி, போகட்டும்.

அவசரப்படாதீர்கள். அந்த 4.16 கோடியில் ஒரு கோடி ஒரே ஒரு ஆளுக்குப் போகிறது. ஒரு கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் பத்து ரூபாய். உங்கள் 49 ரூபாயில் பத்து ரூபாய், நீங்கள் பார்த்தே இராத அந்த ஒரு ஆசாமிக்கு நீங்கள் கொடுக்கும் மொய். அந்த ஆசாமி நீங்கள் இல்லை என்று வைத்துக் கொண்டால் (பத்து லட்சத்தில் 9,99,999 தடவை அதுதான் நிஜம்), உங்களுக்குத் திரும்பும் சராசரி 31 ரூபாய் 65 பைசாதான். நஷ்டம் 17 ரூபாய் 35 பைசா. ஒரு சீசனுக்கு 74 மேட்ச். மேட்ச்சுக்கு ஒரே ஒரு எண்ட்ரி என்று கண்டிப்பாக இருந்தாலும் சீசன் முடிவில் சுமார் 1,284 ரூபாய் காலி. ஆனால் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. ஒருவரே பல டீம் போடலாம் என்ற வசதி எதற்காக வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அப்படியே அந்த ஆசாமி நீங்களாகவே இருந்தாலும் ஜெயித்த தொகையில் முப்பது சதவிகிதம் வருமான வரியாகப் பிடித்துக் கொண்டுதான் கையில் தருவார்கள். ஒரு கோடி என்பது சுமார் எழுபது லட்சம். போஸ்டரில் எழுபது லட்சம் என்று யாரும் போட்டதில்லை.

ஆக, அந்த ஒரு கோடி கம்பெனி வீட்டுக் காசு இல்லை. உங்கள் காசு, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் காசு, அவருடைய மச்சான் காசு. கம்பெனி தன் காசைச் செலவழித்தது வேறு இடத்தில். 2023-ல் இந்திய அணியின் சட்டையில் மூன்று வருஷத்துக்குப் பெயர் போட ட்ரீம் லெவன் ஒப்புக் கொண்ட தொகை சுமார் 358 கோடி. ஒரு சீசனின் 74 மேட்ச்சுக்கும் நாளுக்கு ஒரு கோடி முதல் பரிசு என்றால் 74 கோடி, அதுவும் ஆடியவர்கள் பணம். தன் பணத்தைப் போட்டது சட்டைக்கு, உங்கள் பணத்தைப் போட்டது பரிசுக்கு. சட்டம் வந்ததும் சட்டையிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது.

* * *

ஒரு கேள்வி. ஒரு கோடியை ஒருவருக்குக் கொடுப்பதற்குப் பதில் பத்தாயிரம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் என்ன? செலவு ஒன்றுதான். உங்களுக்கு விழும் வாய்ப்பு பத்தாயிரம் மடங்கு அதிகம். ஆடுகிறவர்களுக்கு அதுதானே நல்லது?

நல்லதுதான். ஆனால் விற்காது. 'நீங்களும் ஆயிரம் ரூபாய் வெல்லலாம்' என்று போஸ்டர் அடித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நம் மனசு பரிசின் அளவைத் துல்லியமாகப் பார்க்கிறது. ஒரு லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு நன்றாகவே தெரியும். ஒன்று கடனை அடைக்கும், இன்னொன்று வாழ்க்கையை மாற்றும். ஆனால் லட்சத்தில் ஒன்று என்ற வாய்ப்புக்கும் கோடியில் ஒன்று என்ற வாய்ப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டும் 'யாருக்காவது விழத்தானே செய்யும்' என்ற ஒரே பெட்டியில் போய் விழுகின்றன. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்கள்: மிகச் சின்ன வாய்ப்புகளுக்கு மனிதன் அவற்றின் தகுதிக்கு மேல் எடை கொடுக்கிறான். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. விளம்பரக்காரர்கள் நோபலுக்குக் காத்திராமல் முன்பே இதைத் தொழிலாக்கிவிட்டார்கள்.

பத்து லட்சத்தில் ஒன்று எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய ஒரு வழி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் பத்தரை லட்சம். உக்கடத்திலிருந்து சிங்காநல்லூர் வரை, பீளமேட்டிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை, தொட்டில் குழந்தையிலிருந்து கட்டிலில் கிடக்கும் பெரியவர் வரை எல்லாரையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒருவர் தோளில் கை வைப்பது. அந்தத் தோள் உங்களுடையது என்று நம்பித்தான் 49 ரூபாய். நீங்கள் கில்லாடி, மற்றவர்களைவிடப் பத்து மடங்கு விவரமானவர் என்றே வைத்துக் கொள்வோம். சரி, ஊரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்தலாம். இன்னும் லட்சம் பேர் நிற்கிறார்கள்.

* * *

பெரிய எண்ணை வைத்துப் படம் காட்டுவதில் நாம் இன்னும் கற்றுக்குட்டிகள். அமெரிக்காவில் 2014-ல் நூறு கோடி டாலர் பரிசு அறிவித்தார்கள். ஒரு பில்லியன். அங்கே மார்ச் மாதம் கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடக்கும். 64 அணிகள், 63 ஆட்டங்கள். அத்தனை ஆட்டங்களிலும் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே ஒன்று விடாமல் சொன்னால் நூறு கோடி டாலர். நடத்தியது க்விக்கன் லோன்ஸ் என்ற வீட்டுக் கடன் கம்பெனி. பரிசுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தது சாட்சாத் வாரன் பஃபெட்டின் கம்பெனி.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால், எல்லாம் சரியாக வர வாய்ப்பு 92,23,37,20,36,85,47,75,808-ல் ஒன்று. சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று தானியம் கேட்டு ராஜாவைத் திவாலாக்கிய கதை நினைவிருக்கிறதா? அந்த 64-ஆவது கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டிய மணிகளின் எண்ணிக்கை சரியாக இதேதான்.

கூடைப்பந்து தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு இவ்வளவு மோசமில்லை. டிபால் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜெஃப் பெர்கன், விஷயம் தெரிந்தவருக்கு 12,800 கோடியில் ஒன்று என்று மதிப்பிட்டார். போட்டியில் அதிகபட்சம் ஒன்றரைக் கோடிப் பேர்தான் சேரலாம். எல்லாருமே விஷயம் தெரிந்தவர்களாக இருந்து, ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், அவர்களில் ஒருவராவது ஜெயிக்க வாய்ப்பு சுமார் 8,500-ல் ஒன்று. நூறு கோடியை 8,500-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் டாலர். போஸ்டரில் நூறு கோடியாகத் தெரிவது இன்ஷூரன்ஸ் கணக்கில் ஒரு சின்ன வீட்டின் விலை. பிரீமியம் அதைவிடப் பல மடங்கு வாங்கினாலும் கொடுப்பவருக்கு அது விளம்பரச் செலவுதான். வாங்குகிறவர் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

தூங்கினார். முதல் சுற்று ஆட்டங்கள் முடிவதற்குள் போட்டியில் இருந்த அத்தனை பேரும் அவுட். இன்றுவரை சரிபார்க்கப்பட்ட சாதனை, 2019-ல் ஒஹையோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதுதான். ஐம்பதாவதில் அவரும் விழுந்தார்.

அந்தப் போட்டியில் சேர்வது இலவசம். பின் கம்பெனிக்கு என்ன லாபம்? பதிவு செய்யும்போது பெயர், முகவரி, பிறந்த தேதியோடு, 'வீட்டுக் கடன் இருக்கிறதா?' என்கிற ரீதியில் சில கேள்விகளும் கேட்டார்கள். வீட்டுக் கடன் விற்பவருக்கு இதைவிட நல்ல விலாசப் பட்டியல் எங்கே கிடைக்கும்? ஓரளவு நன்றாகச் சொன்ன முதல் இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்த இருபது லட்சம் டாலர் நிஜம். நூறு கோடி டாலர் வெறும் போஸ்டர்.

* * *

நம் ஊரிலும் 'இலவசம்' வந்து போயிருக்கிறது. 2007-ல் 'கோன் பனேகா க்ரோர்பதி' நிகழ்ச்சியோடு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். கேள்விக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் பதில், சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு நாளுக்கு இரண்டு லட்சம். விளையாட்டு இல்லை, விநாடி வினா. ஆனால் வம்சம் அதே வம்சம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2 ரூபாய் 40 பைசா. வந்து குவிந்தவை சுமார் 5 கோடியே 80 லட்சம். பெருக்கினால் 13 கோடியே 92 லட்சம். கொடுத்த பரிசு 52 நாளைக்கும் சேர்த்து 1 கோடியே 4 லட்சம்.

பரிசுக்கான காசை எஸ்.எம்.எஸ். கட்டணத்திலேயே வசூலித்துக் கொண்டு இலவசம் என்று தோன்றும்படி செய்தார்கள் என்று சொல்லி, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் டி.வி. கம்பெனிக்கும் போன் கம்பெனிக்கும் ஒரு கோடி அபராதம் விதித்தது. பிற்பாடு உச்ச நீதிமன்றம், பரிசு அந்தக் கட்டணத்திலிருந்துதான் போனது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி அது முடிந்த கதை. கூட்டல் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

* * *

சட்டம் என்றதும் இந்த விஷயத்தின் முக்கியமான முரண்பாட்டுக்கு வர வேண்டும்.

இந்தியாவில் பரிசுப் போட்டி என்றாலே கேட்கப்படும் கேள்வி: இது திறமையா, சூதா? குறுக்கெழுத்துப் போட்டிகள் ஊரைப் பிடித்து ஆட்டிய காலத்தில், 1955-ல் ஒரு சட்டம் போட்டு மாதப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டுப்பாடு சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்குத்தான், திறமையை வைத்து ஜெயிப்பவை வேறு என்று பிரித்தது. நம் கிண்டி குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டு வந்தது. 1996-ல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டுதான் என்று தீர்ப்பளித்தது. இந்தப் படிகளில் ஏறித்தான் 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ட்ரீம் லெவனும் 'திறமை' என்ற சான்றிதழை வாங்கியது.

சரி, திறமைதான். அப்படியென்றால் விளம்பரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நன்றாகப் புள்ளிவிவரம் படித்தவர்கள் மட்டும் வரவும், மற்றவர்கள் காசு அவர்களுக்குப் போகும்' என்றல்லவா? சொன்னது என்ன? யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். டிரைவர் ஜெயித்தார், காய்கறிக் கடைக்காரர் ஜெயித்தார், நீங்களும்தான்.

கோர்ட்டில் திறமை, டி.வி.யில் அதிர்ஷ்டம். இரண்டும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது. அதிர்ஷ்டம் என்றால் அது லாட்டரி. திறமை என்றால் புதிதாக வருகிறவன் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இரை. அமெரிக்காவில் 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியில் இந்த மாதிரி ஃபேன்டஸி போட்டிகளை ஆராய்ந்தபோது, ஆட்டக்காரர்கள் அடைந்த லாபத்தில் 91 சதவிகிதம் வெறும் 1.3 சதவிகிதம் பேருக்குப் போயிருந்தது. திறமை விளையாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமை, டாஸுக்கும் முதல் பந்துக்கும் நடுவே அரை மணி கிடைக்கிற பட்டறைப் பையனுடையது அல்ல.

எச்சரிக்கை சொன்னார்களே என்பீர்கள். சொன்னார்கள். 2020 டிசம்பரில் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் கட்டாயப்படுத்தியதால், பண இழப்புக்கும் அடிமையாவதற்கும் வாய்ப்புண்டு, பொறுப்புடன் ஆடவும் என்று விளம்பரக் கடைசியில் ஒரு குரல் ஓடும். எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனைக் கடக்கும் வேகத்தில். ஒரு கோடியை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள்.

* * *

கோவைக்காரர்களுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அதன் கோஷம். இந்த வகையில் நான் கேட்டதிலேயே நேர்மையான விளம்பரம் அதுதான். விழாமலும் போகும் என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டது, காசு எங்கே போகும் என்பதையும் சொன்னது. அப்புறம் தனியார், வெளிமாநிலம், ஒரு நம்பர், நாளுக்குப் பல குலுக்கல் என்று கூலியில் பாதி அங்கேயே போக ஆரம்பித்து, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனையைத் தடை செய்தது.

தடை செய்தால்? வாளையார் எவ்வளவு தூரம்! 2023 ஓணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி விழுந்தது வாளையாரில் வாங்கிய சீட்டுக்குத்தான். பரிசு பெற்றது நம் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே குலுக்கலில் தலா 500 ரூபாய் விலையில் 75 லட்சம் சீட்டுக்கு மேல் விற்றது, அதாவது 375 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்பது எத்தனை பேர் கண்ணில் பட்டது? ஜெயித்தவர் படம் வரும். தோற்றவர்கள் படத்தைப் போடப் பத்திரிகையில் இடம் போதாது.

இன்னொன்று. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரங்கள் வெளிவந்தபோது நாட்டிலேயே அதிகத் தொகைக்கு வாங்கிய நிறுவனம் எது என்று பார்த்தார்கள். 1,368 கோடி ரூபாயுடன் முதலிடம், கோவையிலிருந்து இயங்கும் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். தமிழ்நாட்டில் லாட்டரி விற்கக் கூடாது, தமிழ்நாட்டிலிருந்து மற்ற மாநிலங்களில் விற்கலாம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. லாட்டரி வாங்கிப் பணக்காரர் ஆனவரைத் தேடிக் கொண்டிருக்கிறோம். விற்றவர் பக்கம் திரும்பினால் தேட வேண்டியதே இல்லை.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டு, 'இந்தக் காலத்துப் பசங்க பேராசை பிடிச்சவங்க' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்காநல்லூரில் அப்பாவுக்கு மில் இருந்தது. சங்கு ஊதும், ஷிப்ட் மாறும், தீபாவளிக்கு போனஸ் வரும், ரிட்டயர் ஆனால் பி.எஃப். வரும். கோடி வராது, ஆனால் மகள் கல்யாணத்துக்கு வழி தெரியும். கோவையின் தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, பிறகு பழையபடி ஓடவே இல்லை. மகனுக்குக் கான்ட்ராக்ட் வேலை, பீஸ் ரேட். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்தச் சம்பளத்தில் வீட்டு மனை வராது. 'மாசாமாசம் சேர்த்து என்னிக்குங்ணா வாங்கறது?' என்று கேட்பவனிடம் 49 ரூபாய்க்கு ஒரு கோடி என்று காட்டினால் அவன் முட்டாள்தனமாக ஏமாறுவதில்லை. வேறு எந்தக் கதவும் திறக்காததால் சுவரில் வரைந்த கதவைத் தட்டிப் பார்க்கிறான். வரைந்தவர்களுக்கு அது தெரியும்.

சட்டம் கொண்டு வரும்போது அரசு சொன்ன மதிப்பீடு: 45 கோடிப் பேர் வருஷத்துக்குச் சுமார் 20,000 கோடி இழக்கிறார்கள். வகுத்தால் ஆளுக்கு 444 ரூபாய். இவ்வளவுதானா என்று தோன்றும். சராசரி என்பது அப்படித்தான், ஒரு நாள் கழித்துப் பார்க்க வந்த சாயம் போன துணி. பொழுதுபோக்காக நூறு ரூபாய் விட்டவரும், வட்டிக்கு வாங்கி லட்சக்கணக்கில் விட்டவரும், அதன் பிறகு உயிரையே விட்டவரும் அந்த 444-க்குள்தான் இருக்கிறார்கள். தமிழ்நாடு 2022-லேயே தனிச் சட்டம் கொண்டு வந்ததற்குக் காரணம் சராசரி அல்ல, ரம்மி முதலிய ஆட்டங்களில் பணத்தை விட்டுவிட்டு நடந்த தற்கொலைகள்.

தடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தடை, கணக்குச் சொல்லித் தராது. அந்தக் கணக்கு நம் ஊரில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏலச்சீட்டு போடும் பெண்கள்.

இருபது பேர், மாசம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். சேருவதற்கு முன் நம் வீட்டு அம்மணிகள் போடும் கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்களா? 'மொத்தம் எத்தனை பேருங்க? நடத்தறவருக்குக் கமிஷன் எவ்வளவு? எத்தனை தள்ளி எடுக்கறாங்க? கடைசி வரைக்கும் எடுக்காதவங்களுக்கு என்னங்க?' சீட்டில் எல்லாருக்கும் ஒரு தடவை பணம் வரும். நடத்துகிறவரின் கமிஷனுக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: 1982 சட்டத்தில் ஐந்து சதவிகிதம், 2019 திருத்தத்தில் ஏழு. அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் அத்தனை கேள்வி. ஒருவருக்கு மட்டும் விழும், கமிஷனுக்கு வரம்பே இல்லாத விளையாட்டில் சேர ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டை விரலை அழுத்தினோம்.

அடுத்த போஸ்டர் வரும்போது, அது கிரிக்கெட்டோ கபடியோ வேறு எதுவோ, பரிசுத் தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் மூன்று விஷயங்களும் இருக்க வேண்டும் என்று கேட்போம். மொத்தம் எத்தனை பேர் பணம் கட்டினார்கள். நடத்துகிறவர் எவ்வளவு எடுத்துக்கொண்டார். வரிசையில் நட்டநடுவில் நின்றவருக்கு என்ன திரும்பியது. முதல் பரிசு எவ்வளவு என்பதை நாலாவதாக, சின்ன எழுத்தில் போட்டுக் கொள்ளட்டும்.

இப்படி ஒரு போஸ்டர் அடித்தும் கூட்டம் வந்தால் அது விளையாட்டு. வராவிட்டால் அது என்னவாக இருந்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.